கோழிக்குக் கண் தெரியவில்லையா? முதலில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள்

கண் மூடிப்போன கோழி பெரும்பாலும் பசியிலும் தாகத்திலும்தான் செத்துப்போகிறது. இமை வீங்கிய அன்றைக்கே அதனால் தீவனத் தட்டைக் கண்டுபிடிக்க முடியாது. மற்ற கோழிகள் கொத்தி ஓரத்துக்குத் தள்ளிவிடும். சித்திரை வெயிலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்றாலே துவண்டுவிடும். வீட்டில் எல்லோரும் முதலில் சொட்டு மருந்தைத் தேடி ஓடுகிறோம். மருந்து வேண்டும்தான், ஆனால் கை முதலில் போக வேண்டிய இடம் கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே வலப்பக்கமாக இருக்கும் இரைப்பை.

மாலையில் அடையும் நேரத்தில் நல்ல கோழியின் இரைப்பை ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்காவது திரண்டிருக்கும். அமுக்கினால் தானியம் விரலில் நெருடும். தொய்ந்த வெறும் தோல்தான் கைக்கு அகப்படுகிறது என்றால், அன்று அது எதுவும் தின்னவில்லை. நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை வற்றி, எலும்பு கத்தி முதுகு போலத் துருத்திக்கொண்டிருந்தால் இந்தப் பட்டினி இன்று தொடங்கியதல்ல. கண் பிரச்சினையை நாம் பார்த்ததுதான் இன்று.

முதல் ஒரு மணி நேரம்

கோழியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, நிழலில் பஞ்சாரத்துக்குள்ளோ அட்டைப்பெட்டியிலோ விடுங்கள். அதே கையோடு தண்ணீர் காட்டுங்கள். அகலமான சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அலகின் நுனியை மட்டும் அதில் நனையுங்கள். மூக்குத் துளை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். அலகு நனைந்ததும் தாகமுள்ள கோழி தானாகத் தலையை நிமிர்த்தி விழுங்கும். மறுபடி நனையுங்கள். பத்துப் பன்னிரண்டு மிடறு குடித்த பிறகு ஐந்து நிமிடம் விட்டு, மறுபடியும் கொடுங்கள். சிரிஞ்சால் தொண்டைக்குள் பீய்ச்சக் கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. தண்ணீர் அதற்குள் போனால் கண்ணால் சாகாத கோழி புரையேறிச் செத்துவிடும். சிரிஞ்சைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், அலகின் பக்கவாட்டு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டையும் அது விழுங்கும் வரை பொறுத்திருங்கள்.

அடுத்து தீவனம். கம்பெனித் தீவனம் இரண்டு மேசைக்கரண்டியை அதே அளவு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கெட்டியாகப் பிசையுங்கள். இல்லாவிட்டால் குழைந்த சோற்றில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்த்துப் பிசையலாம். அதை அலகில் தொட்டுக் காட்டினால் பல கோழிகள் உடனே கொத்தத் தொடங்கும். இரண்டு கிலோ எடையுள்ள பெட்டைக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் தீவனமும், கிட்டத்தட்ட 200 மில்லி தண்ணீரும் உள்ளே போக வேண்டும். வெயிலில் இன்னும் கூடுதல் தண்ணீர் தேவைப்படும். கண் தெரியாத கோழிக்கு இதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து ஊட்டுங்கள். காலையில் எடை போட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி போடும்போதுதான் ஊட்டுவது போதுமா போதாதா என்று தெரியும்.

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா, எத்தனை கோழி?

மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். ஒரே கோழிக்கு ஒரே கண்ணில் மட்டும் என்றால் முள், உமி, கொத்து, சேவலின் முள் என்று அடிபட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் பல கோழிகள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நின்றால் கூண்டின் காற்றைச் சந்தேகியுங்கள். ஒன்றிரண்டில் தொடங்கி, நாளுக்கு நாள் மற்றவற்றுக்குப் பரவினால் அது தொற்று. கொப்புளமோ பொருக்கோ தெரிந்தால் அம்மை, முகம் வீங்கி மூக்கு ஒழுகினால் சளி நோய். வீக்கமோ சீழோ இல்லாமல், கண் திறந்திருந்தும் பார்வை இல்லை என்றால் அது வேறு கதை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இதில் தாமதிக்கக் கூடாத நிலையும் உண்டு. முகம், கொண்டை வீங்கி நீலம் பாய்ந்து, ஒரே நாளில் பல கோழிகள் சாகின்றன. அல்லது பச்சை வெள்ளைக் கழிச்சலோடு கழுத்து முறுக்கிக்கொள்கிறது. இது வெறும் கண் நோயல்ல. ராணிக்கெட் எனப்படும் கழிச்சல் நோயோ பறவைக் காய்ச்சலோ இருக்கலாம். செத்ததை அறுக்கவோ வெளியே வீசவோ கூடாது. கால்நடை மருத்துவமனைக்கு உடனே தகவல் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். கழிச்சல் நோய்க் கிருமி மனிதர் கண்ணில் பட்டாலும் கண் சிவந்து எரியும். நோயுற்ற கோழியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவும் வரை உங்கள் கண்ணைக் கசக்காதீர்கள்.

கண்ணைத் திறந்து பார்ப்பது

ஒரு பழைய துண்டால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். நெஞ்சை இறுக்கக் கூடாது. கோழிக்கு நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டினால் எந்தக் கோழிக்கும் கண் சரியாகத் தெரியாது, அது நோயல்ல.

கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழ்நோக்கி மெல்ல இழுங்கள். கோழி கண் சிமிட்டும்போது கீழ் இமைதான் அதிகம் அசையும். மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து கண்ணாடித் தாள் போல ஒரு சவ்வு குறுக்கே ஓடி மறையும். அது மூன்றாம் இமை, இயற்கையானது, புண் என்று நினைத்துப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். அதன் அடியில்தான் உமியும் புழுவும் சீழ்க்கட்டியும் ஒளிந்திருக்கும்.

இப்போது செல்பேசி டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். மேல்பரப்பிலேயே வெண்மையாகப் படர்ந்திருந்தால் நாம் சொல்லும் ‘பூ விழுந்த’ கண். கருவிழியில் காயமோ புண்ணோ அம்மோனியா எரிச்சலோ பட்டதன் அடையாளம் அது, சரியாகவும் வாய்ப்புண்டு. மேல்பரப்பு தெளிவாக இருந்து, நடுவிலுள்ள கண்மணியின் உள்ளே ஆழத்தில் வெள்ளை தெரிந்தால் அது புரை. சொட்டு மருந்தால் புரை கரையாது.

பார்வை இருக்கிறதா என்று சோதிக்க, ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, மறு கண்ணின் பக்கமாக ஒரு விரலை மெதுவாகக் கொண்டு வாருங்கள். வேகமாகக் கொண்டு வந்தால் காற்று பட்டுச் சிமிட்டிவிடும், பார்வை இருப்பதாக ஏமாந்துபோவோம். அடுத்து, கறுப்புத் தட்டில் பத்து அரிசியைப் போட்டு முன்னால் வையுங்கள். பார்க்கும் கோழி அரிசி மேலேயே கொத்தும். பார்வை மங்கிய கோழி அரிசிக்குப் பக்கத்திலோ காற்றிலோ கொத்தும். டார்ச் அடித்ததும் கண்மணி சுருங்குகிறதே, அப்படியானால் பார்வை இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். பறவைகள் தம் விருப்பப்படியும் கண்மணியைச் சுருக்கி விரிக்கும்.

கழுவுவதும் மருந்து விடுவதும்

மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் புட்டியே சிறந்தது. அது இல்லாத நேரத்தில், கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தூள் உப்பு முக்கால் டீஸ்பூன், வழித்து அளந்து, கரைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 0.9 சதவீதக் கரைசல் கிடைக்கும். உப்பு கூடினால் எரியும், வெறும் தண்ணீரும் கண்ணுக்கு உறுத்தும். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள். இதைக் குடிக்க வைக்க வேண்டாம்.

இமை ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். கரைசலை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, பஞ்சை நனைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் இமை மேல் வைத்திருங்கள். ஒட்டல் தானாக இளகும். பிறகு ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சில் கரைசலை எடுத்து, மூக்குப் பக்க மூலையிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல ஓடவிடுங்கள். உமி, வைக்கோல் துணுக்கு இதிலேயே வந்துவிடும். கண்ணில் குத்தி நிற்கும் முள்ளை மட்டும் வீட்டில் பிடுங்கவே கூடாது, மருத்துவரிடம்தான்.

கோழியின் சீழ் நம்முடையதைப் போல நீராக வடியாது. அவித்த முட்டை வெள்ளைக்கருவைப் போல, திரைந்த பாலைப் போலக் கட்டியாகிவிடும். இமைக்கு அடியில் அப்படி ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும்வரை எந்தச் சொட்டு மருந்தும் கண்ணைத் தொடாது, கட்டியின் மேலேயே வழிந்துவிடும். பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்த பிறகு, நனைத்த பஞ்சுக் குச்சியால் இமையை வெளியிலிருந்து உருட்டினால் இளகிய கட்டி சில நேரம் ஒரே துண்டாக வழுக்கி வெளியே வரும். வரவில்லை என்றால் தோண்டாதீர்கள், அன்று மாலை மறுபடி ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் கல் போல இறுகிய கட்டி வெளியிலிருந்து அமுக்கி வராது. மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

மருந்து எது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். கடையில் ‘கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து’ என்று கேட்டு வாங்கும் புட்டிகள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு உடனே குறையும், பார்க்கக் குணமானது போல இருக்கும். கருவிழியில் புண் இருந்தால் அதே மருந்து புண்ணை ஆறவிடாமல் ஆழமாக்கி, கண்ணே உடைந்துபோகச் செய்யும். லேபிளைப் படியுங்கள். குளோராம்பெனிகால் உள்ள மருந்து முட்டைக்கும் கறிக்கும் வளர்க்கும் கோழிக்குக் கூடவே கூடாது. எந்த நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தாலும் எத்தனை நாளைக்கு முட்டையைத் தின்னக் கூடாது என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும், இரண்டாவது வெளியேதான் வழியும். சொட்டு விட்டதும் கோழி தலையை உதறும், அரை நிமிடம் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். களிம்பு என்றால் அதைக் கடைசியில், ஒரு அரிசி மணி அளவுக்குக் கீழ் இமைக்குள் வையுங்கள். புட்டியின் நுனி கண்ணில் பட்டுவிட்டால் அதை இன்னொரு கோழிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வெங்காயச் சாறு, சுண்ணாம்பு, புகையிலைத் தண்ணீர், மண்ணெண்ணெய் எதுவும் கண்ணில் வேண்டாம். எல்லாவற்றையும் விடக் கொடியது எருக்கம்பால். அம்மைக் கொப்புளத்தை மரு என்று நினைத்து இமையில் எருக்கம்பாலோ கள்ளிப்பாலோ வைத்தால், கண்ணுக்குள் கசிந்து கருவிழியை வேகவைத்துவிடும். தவறிப் பட்டுவிட்டால் உடனே சலைனோ சுத்தமான தண்ணீரோ விட்டு, கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள்.

அம்மை

நாட்டுக்கோழியின் கண்ணை மூடவைப்பதில் முதலிடம் இதற்குத்தான். கொசு கடித்துப் பரப்பும். கோழிகள் ஒன்றையொன்று கொத்தும் காயத்தின் வழியாகவும் நுழையும். கொண்டையிலும் தாடியிலும் அலகோரத்திலும் சின்ன வெளிர் பருக்களாகத் தொடங்கி, மிளகு அளவுக் கறுப்புப் பொருக்குகளாகும். இமை ஓரத்தில் வந்தால் கண் வீங்கி, நீர் வடிந்து, ஒட்டிக்கொள்ளும்.

இது வைரஸ் நோய், கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பொருக்கு காய்ந்து தானே உதிரும். அதுவரை கோழியை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம். வேளைக்கு வேளை ஊட்டிய கோழிகள் பெரும்பாலும் பிழைத்துவிடும், கண்ணும் திறந்துவிடும். கண் மூடியதைக் கவனிக்காமல் விட்டவைதான் நான்காம் நாள் காலையில் செத்துக் கிடக்கும். வாயைத் திறந்தும் பாருங்கள். நாக்கிலும் தொண்டையிலும் மஞ்சள் படலம் இருந்தால் உள் அம்மை. மூச்சை அடைக்கும் என்பதால் அதை வீட்டில் சுரண்டாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்த இடத்தில் ரத்தம் வரும், சீழ் பிடிக்கும், இமை வடுப்பட்டுச் சுருங்கும். கொண்டை, தாடிப் பொருக்கில் வேப்பிலையையும் மஞ்சளையும் மையாக அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசலாம். கண்ணுக்கு அரை அங்குலம் தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள். இமைப் பொருக்கின் மேல் வெறும் வாஸ்லின் மெல்லியதாகத் தடவினால் போதும், பொருக்கு இளகி, இமை மடங்கித் திறக்கும். கண்ணில் சீழ் சேர்ந்தால் மட்டும் நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு தேவைப்படும். உதிர்ந்த பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பெருக்கி எரித்துவிடுங்கள். கூண்டைச் சுற்றித் தேங்காய்த் தொட்டி, பழைய டயர் எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில், இறக்கைச் சவ்வில் குத்திப் போடுவது. போட்ட 7ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் குத்திய இடத்தைப் பாருங்கள். சின்னத் தடிப்போ பொருக்கோ இருந்தால் ஊசி வேலை செய்திருக்கிறது. ஒன்றும் இல்லை என்றால் மருந்து வெயிலில் கெட்டிருக்கலாம், மறுபடி போட வேண்டியிருக்கும்.

சளியும் முகவீக்கமும்

இரண்டு நோய்கள் இங்கே குழப்பும். கொரைசா என்னும் சளிக்காய்ச்சல் வேகமாக வரும். சந்தையிலிருந்து புதுக் கோழி வந்து இரண்டு மூன்று நாளில் முகம் ஒரு பக்கமோ இரு பக்கமோ பந்து போல வீங்கும், மூக்கு ஒழுகும். பக்கத்தில் முகர்ந்தால் ஒரு மாதிரி அழுகல் நாற்றம் அடிக்கும், அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாள்பட்ட சுவாச நோய் மெல்ல வரும். கண் மூலையில் சோப்பு நுரை போலக் குமிழிகள் நிற்கும். இரவு கூண்டுப் பக்கம் காது வைத்தால் கொரகொர என்று கேட்கும். இது முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

இரண்டுக்கும் மருத்துவர் எழுதும் நுண்ணுயிர்க்கொல்லி தேவை, வழக்கமாகத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். பலர் கவனிக்காமல் விடுவது இங்கேதான். கண் மூடிய கோழி தண்ணீர்த் தொட்டிக்கே போகாது. மருந்து முழுவதையும் நல்ல கோழிகள் குடித்துவிடும், நோயுற்றதற்கு ஒரு சொட்டும் போயிருக்காது. ‘மருந்து கொடுத்தும் கேட்கவில்லை’ என்பதன் காரணம் பாதி நேரம் இதுதான். நோயுற்றதைத் தனியே வைத்து, அதன் எடைக்கான அளவை மருத்துவரிடம் கேட்டு, வாய் வழியே கொடுங்கள். டாக்சிசைக்ளின் வகை மருந்து என்றால், அந்த நாட்களில் கிளிஞ்சல் தூள், மோர், பால் வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு நோயிலும் குணமான கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். அதைப் புதுக் குஞ்சுகளோடு சேர்க்காதீர்கள், அதன் முட்டையை அடைக்கும் வைக்காதீர்கள். சந்தைக் கோழியை மூன்று வாரம் தனியே வைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். தீவனம் வைக்கும்போது நல்ல கோழிகளுக்கு முதலில், நோயுற்றதற்குக் கடைசியில்.

குஞ்சுகளுக்கு லசோட்டா அல்லது எஃப்1 என்னும் கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டு விட்டிருந்தால், ஓரிரு நாளில் லேசாகக் கண்ணீரும் தும்மலும் வரலாம். தீவனம் எடுத்துக்கொண்டு ஓடியாடினால் பயப்பட வேண்டாம், சில நாளில் தானே அடங்கும்.

கூண்டின் காற்று

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் படக் கூடாதென்று கூண்டை நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடுகிறோம். உள்ளே எச்சம் ஈரமாகிறது, அதிலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. காலையில் கதவைத் திறந்தால் கோழிகள் கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையை இறக்கையில் தேய்த்துக்கொண்டு வெளியே வரும். வெளிச்சம் பட்டால் இன்னும் இறுக்கி மூடிக்கொள்ளும். பார்த்தால் கூட்டத்துக்கே ஒரே இரவில் கண் போனது போல இருக்கும்.

சோதிக்கும் வழி எளிது. விடியற்காலை கதவைத் திறந்ததும் மண்டியிட்டு, கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். உங்கள் கண் கரித்தால் அவை இரவு முழுக்க அதில்தான் இருந்திருக்கின்றன. தினமும் போகிறவருக்கு மூக்கு பழகிவிடும், எப்போதாவது வருபவரை முகரச் சொல்லுங்கள். தரையில் கிடக்கிற உமியை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரித்தும் பாருங்கள். உதிர்ந்தால் சரியான ஈரம், உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது.

ஈரமான உமியை முழுவதும் வாரிவிட்டு, காய்ந்த உமியோ கடலைத்தோலோ மூன்று நான்கு அங்குலம் போடுங்கள். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். தார்ப்பாயை மேலே ஒரு சாண் விட்டே கட்டுங்கள், அம்மோனியா காற்றை விட லேசானது, அந்த வழியில் வெளியேறும். எச்சத்தின் மேல் சுண்ணாம்புத் தூள் தூவுவது வழக்கத்தில் இருக்கிறது. ஈர எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும், தூளும் கண்ணை அரிக்கும். கோழி உள்ளே இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. நல்ல காற்றும் சலைன் கழுவலும் கிடைத்தால் லேசான எரிச்சல் சில நாளில் தீரும். கருவிழி புண்ணாகிப் பூ விழுந்திருந்தால் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். சில கண்கள் திரும்புவதில்லை.

புழு, தெள்ளு, சத்துக்குறை

ஒரு கோழி காலால் கண்ணை ஓயாமல் சொறிகிறது, மூன்றாம் இமை துடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் அந்த இமையைப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை நூல் போல ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளத்தில் நெளிவது கண்புழு. எருக்குழியிலும் உமிக்கு அடியிலும் மண்ணில் புதைந்து வாழும் ஒரு கரப்பான் இதைச் சுமக்கிறது. கோழி அந்தக் கரப்பானை விழுங்கியதும் புழுக்குஞ்சு இரைப்பையிலிருந்து தொண்டை வழியாக மேலேறி, வாய்க்கு வந்து, கண்ணீர்க் குழாயில் நுழைந்து கண்ணை அடைகிறது. மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, இடுக்கியால் எடுத்துவிடுவார். எருக்குழியைக் கூண்டிலிருந்து தள்ளி வைத்தால்தான் திரும்ப வராது.

இமையைச் சுற்றிக் கடுகைக் கொட்டி ஒட்டியது போல் கறுப்பாக இருந்தால் தெள்ளுப்பூச்சி. பிடுங்கினால் தோல் கிழியும். வாஸ்லினைக் கனமாகத் தடவுங்கள், மூச்சடைத்துச் செத்து உதிரும். கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேயும் கோழிக்கு ஏ சத்துக் குறைவது அரிது. கட்டிப் போட்டு வளர்க்கும் சேவலுக்கும், கூண்டிலேயே நொய்யும் கம்பும் மட்டும் தின்னும் கோழிக்கும் அது வரும். முதலில் கண்ணீர், பிறகு இமைக்குள் வெள்ளைக் கட்டி, வாய்க்குள் சின்னச் சின்ன வெண்புள்ளிகள். கட்டியை மேலே சொன்னபடி எடுத்துவிட்டு, காட் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை ஒன்றைக் குத்தி, தினம் ஒன்றாக ஒரு வாரம் தீவனத்தில் பிழிந்து கொடுங்கள். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டாம், ஏ சத்து ஈரலில் தங்கிக்கொள்ளும். பிறகு தினமும் நறுக்கிய முருங்கைக்கீரை, தீவனத்தில் மஞ்சள் சோளம் இருந்தாலே போதும்.

வீக்கம் இல்லை, சீழ் இல்லை, பார்வை மட்டும் இல்லை

நேற்று வரை நன்றாக மேய்ந்த கோழி இன்று சுவரில் மோதுகிறது. முதலில் தலையைத் தடவிப் பாருங்கள். நாயோ கீரியோ துரத்தியிருக்கலாம், கம்பி வலையில் மோதியிருக்கலாம். கொண்டைக்குப் பின்னால் வீக்கம், காதில் ரத்தம், இரண்டு கண்மணியும் வெவ்வேறு அளவு என்று எது இருந்தாலும் தலையில் அடி. இருட்டான, சத்தமில்லாத, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, வீக்கம் குறைக்கும் மருந்துக்கு அன்றே மருத்துவரைப் பாருங்கள். நினைவு தெளியும்வரை எதையும் ஊட்டாதீர்கள். மூளை வீக்கம் வடிந்ததும் சில நாளில் பார்வை திரும்பிய கோழிகள் உண்டு, அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள்.

கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கினால் பூச்சிமருந்து. வயலில் தெளித்த இடத்தில் மேய்ந்ததோ, மருந்து கலந்த விதையைத் தின்றதோ இருக்கும். மணிக்கணக்கில்கூடத் தாமதிக்க முடியாது. இமை பாதி மூடி, கால் விழுந்து, கழுத்து துணி போலத் துவண்டால் அது குருடு அல்ல, செத்த எலியிலோ அழுகிய குப்பையிலோ நெளிந்த புழுவைத் தின்ற நச்சு. மிச்சக் கோழிகளை அந்தக் குப்பைமேட்டிலிருந்து உடனே விலக்கி, செத்ததைத் தேடிப் புதையுங்கள்.

இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள இளங்கோழிக்குப் பார்வை மங்கினால் கண்ணின் நிற வளையத்தைப் பாருங்கள். செம்மஞ்சளாக இருக்க வேண்டியது சாம்பல் நிறமாகி, கண்மணி வட்டமாக இல்லாமல் ஓரம் கோணலாகி, வெளிச்சத்துக்கு அசையாமல் இருந்தால் மேரக்ஸ் நோய். கூட்டத்தில் வேறு கோழி ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இதற்கு வைத்தியம் இல்லை. இறகுத் தூசியில் பரவும், மனிதருக்கு வராது. பொரித்த முதல் நாளே போடும் தடுப்பூசி ஒன்றுதான் காப்பு. வீட்டில் அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதே இல்லை.

பார்வை திரும்பாத கோழி

ஒரு கண் போன கோழி ஒரு வாரத்தில் பழகிவிடும். தலையைச் சாய்த்துச் சாய்த்து நல்ல கண்ணால் பார்த்துக் கொத்தும். குருட்டுப் பக்கமாகப் போய் அதைத் தூக்காதீர்கள், குரல் கொடுத்துவிட்டு நல்ல கண் பக்கமாகப் போங்கள். பருந்து சுற்றும் வெட்டவெளியில் அதை மேயவிடாமல் மரத்தடியில் விடுங்கள்.

இரண்டும் போனதும் வாழும், இடத்தை மாற்றாமல் இருந்தால். பஞ்சாரத்திலோ மூன்றடிக்கு மூன்றடி தடுப்பிலோ விட்டு, தீவனச் சட்டியை ஒரு மூலையிலும் தண்ணீர்ச் சட்டியை எதிர் மூலையிலும் வையுங்கள். கவிழாத கனமான மண்சட்டி நல்லது, தண்ணீர் இரண்டு விரற்கடை ஆழம் போதும். தீவனம் வைக்கும் ஒவ்வொரு முறையும் சட்டி விளிம்பில் நகத்தால் மூன்று தட்டுத் தட்டுங்கள். நான்கைந்து நாளில் அந்தச் சத்தத்துக்கே கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். தானியத்தை இறைக்காதீர்கள், சட்டி நிறைய வையுங்கள். தடவித் தின்ன அப்போதுதான் முடியும். ஏறி அடையும் கம்பை எடுத்துவிட்டுத் தரையில் வைக்கோல் பரப்புங்கள். சாதுவான ஒரு பெட்டையைத் துணைக்கு விட்டால் அதன் கொக்கரிப்பைக் கேட்டுப் பின்னாலேயே நடக்கும். சேவலை மட்டும் விடாதீர்கள்.

பகலில் வெளிச்சம் விழும் இடத்தில் அது இருக்கட்டும். கோழியின் உடம்பு வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டை ஓட்டைக் கடந்து மூளைக்குள் போகும் ஒளியே முட்டையிடத் தூண்டப் போதுமானது, அதனால் முழுக் குருடான பெட்டையும் முட்டையிடும். முட்டைக் கூடையைத் தண்ணீர்ச் சட்டிக்கு எட்டாத மூலையில், காலால் தடவி ஏறும் அளவுக்குத் தாழ்வாக வைத்து, உள்ளே ஒரு முட்டையை அடையாளத்துக்கு விட்டு வையுங்கள்.